ஜம்புலிங்கத்தின் பம்ப் ஷூ

ஆவடியில் ராணுவக் கிடங்கு வந்த புதிதில், அங்கே உள்ளே உட்கார்ந்து எழுதுகிற வேலை கிடைத்தவனுக்குச் சுற்றுவட்டாரத்தில் இருந்த மரியாதையைச் சொல்லி மாளாது. வெள்ளானூர் ஜம்புலிங்கத்துக்கு அந்த யோகம் அடித்தது. அதுவரை வெயிலில் நின்று மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவனை, கையெழுத்து அழகாயிருக்கிறது என்று கூப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியைக் காட்டினார்கள். அவனைவிட அதிகமாகப் பூரித்தவர் கோவில்பதாகையில் இருந்த மாமனார் பரந்தாமன். "எங்க மருமவப்புள்ள நாற்காலியில குந்திகினு வேலை பாக்குது" என்று மாடு விலை பேச வந்தவனிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. புதிதாக வந்த துரைக்கு வெறுங்காலைக் கண்டால் பிடிக்காது. உள்ளே எழுதுகிறவர்கள் எல்லாரும் ஷூ போட்டுக்கொண்டுதான் வர வேண்டும், செருப்பு கூடாது, வேலை தொடங்கும் சங்கு ஊதிய பிறகு வருவதும் கூடாது, மீறுகிறவர்கள் பழையபடி வெயிலுக்குப் போகலாம் என்று உத்தரவு போட்டுவிட்டார். தலைமை குமாஸ்தா வீரராகவன் அதைப் படித்துவிட்டு, ஜம்புலிங்கத்தின் காலையே ஒரு நிமிஷம் பார்த்தார்.

ஷூ வாங்குவது பெரிய காரியமில்லை. அதைப் போட்டுக்கொண்டு வெள்ளானூரிலிருந்து ஆவடிக்கு சைக்கிளில் போவதுதான் காரியம். ஊர் எல்லையில் பொன்னியம்மன் கோயில் இருந்தது. அவள் எதிரே யாரும் சைக்கிளில் ஏறிக்கொண்டும் போனதில்லை, காலில் எதையும் மாட்டிக்கொண்டும் போனதில்லை. இறங்கி, கழற்றி, கும்பிட்டு, கோயில் எல்லை தாண்டிய பிறகுதான் மாட்ட வேண்டும். அதையும் கடந்து போனால் கோவில்பதாகை. அங்கே மாமனார் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். பெண் கொடுத்தவர் எதிரே ஷூக் காலோடு போக ஜம்புலிங்கத்துக்கு உடம்பு கூசும்.

"கொஞ்சம் முன்னாடி எழுந்தா ஆவாதா?" என்றாள் மனைவி வரலட்சுமி.

எத்தனையோ நல்ல வார்த்தைகளைக் கேட்டு நடக்கிறவன்தான் ஜம்புலிங்கம். இந்த ஒரு வார்த்தை மட்டும் அவன் காதில் ஏறவில்லை. காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட நல்ல ஷூவாகத் தேடுவது சுலபம் என்று பூந்தமல்லிக்குப் புறப்பட்டான்.

பூந்தமல்லி கடைத்தெருவில் பக்கீர் முகமது ஷூ, செருப்பு விற்றுக்கொண்டிருந்தார். ஜம்புலிங்கம் சைக்கிளையும் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தான்.

"இன்னா நைனா, சைக்கிளுக்கும் சேத்து ஷூ வேணுமா?"

"நடக்கறதுக்கு இல்ல பாய். மிதிக்கறதுக்கு. மிதிச்சுப் பாத்துதான் எடுப்பேன்."

சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றினான். முதலில் கயிறு கட்டுகிற பூட்ஸ். துரை போட்டிருப்பதைப் போலவே பளபளத்தது. நின்ற இடத்திலேயே விறுவிறுவென்று மிதித்தான். காலைக் கவ்விப் பிடித்தது. அந்தப் பளபளப்பில் பொன்னியம்மனையும் மாமனாரையும் சுத்தமாக மறந்துபோனான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

திங்கட்கிழமை கோயிலண்டை இறங்கிய பிறகுதான் இருவரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். குனிந்து அவிழ்த்தான், கும்பிட்டான், கட்டினான். அவசரத்தில் கட்டிய கயிறு கொஞ்ச தூரத்தில் செயினில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்து, விரலெல்லாம் கரியோடு கோவில்பதாகை போனால், மாமனார் கட்டிலிலிருந்து எழுந்தே நின்றுகொண்டிருந்தார். மறுபடியும் குனிந்தான். "இருக்கட்டும் மாப்ளே, இருக்கட்டும்" என்றார் அவர், அவன் இரண்டு காலையும் கழற்றி முடிகிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு. கிடங்கில் சங்கு ஊதி வெகு நேரம் ஆகியிருந்தது.

"இன்னொரு தடவை இப்படி வந்தா மூட்டைதான்" என்றார் வீரராகவன். "துரை என்னைக் கேட்கறார் ஐயா. நான் என்ன சொல்ல?"

 வெயிலைக்கூடத் தாங்கிவிடலாம். மாடு விலை பேச வருகிறவர்களிடம் மாமனார் இனி என்ன சொல்வார் என்று நினைத்தபோதுதான் ஜம்புலிங்கத்துக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

சாயங்காலமே பூந்தமல்லிக்குப் போய், பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கயிறில்லாத பம்ப் ஷூவைக் கேட்டான். இந்தத் தடவை ஒத்திகை முழுசாக நடந்தது. கடைக்குள் மிதித்தான், தொப்பென்று குதித்தான், இரண்டு காலையும் உதறினான், பக்கீர் முகமதுவுக்கு எதிரே கைகூப்பினான்.

"எனக்கு எதுக்கு நைனா கும்பிடு போடறே?"

"உங்களுக்கு இல்ல பாய். எங்க அம்மனுக்கு. நேரம் பாக்கறேன்."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லு. வேற கஸ்டமர் பாத்தா என்னைத் தப்பா நினைப்பான்."

கழற்ற நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கழற்ற வேண்டாத இடத்திலும் கழன்றது. மறுநாள் ஏரிக்கரை மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது வலது ஷூ தானாகப் பறந்து போய்ச் சேற்றில் குப்புற விழுந்தது. அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு மிதித்த மிதியில், சங்கு ஊதி ஓய்வதற்குள் எப்படியோ உள்ளே விழுந்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாடுகூட இறங்கவில்லை. பழைய சைக்கிள் ட்யூப் ஒன்றை எடுத்து, பட்டையாக வெட்டி, ஷூவின் பின்பக்கம் குதிகாலுக்கு மேலே வரும்படி வைத்துத் தைத்தான். மிதிக்கும்போது இழுத்துப் பிடித்தது. குதிகாலை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் விட்டுவிட்டது. முற்றத்திலேயே மாட்டுவதும் உதறுவதுமாகப் பழகினான்.

"முன்னாடி எழுந்தா இவ்ளோ பாடு இல்லை" என்றாள் வரலட்சுமி.

"உனக்கு ஷூவைப் பத்தி இன்னா தெரியும்? சும்மா கெட" என்றான் அவன்.

அடுத்த நாளிலிருந்து ஜம்புலிங்கத்தின் ராஜ்யம்தான். கோயிலண்டை குதிப்பான், ஷூ தானாக உதிரும், கும்பிடு, மாட்டு, ஏறு. மாமனார் வாசலிலும் அப்படியே. பரந்தாமனுக்கு, "இருக்கட்டும் மாப்ளே" என்று சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை. மரியாதைக்குரிய இடம் என்று மனசுக்குத் தெரிவதற்குள் காலுக்குத் தெரிந்துவிடும், அந்த அளவுக்குப் பழகிப்போயிற்று. சங்கு ஊதும்போது அவன் நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தான்.

வாரக் கடைசியில் துரை எல்லாரையும் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுக் காலைப் பார்த்தார். மற்றவர்கள் டக் டக்கென்று போய் டக் டக்கென்று வந்தார்கள். ஜம்புலிங்கத்தின் முறை வந்தது. பயத்திலும் பக்தியிலும் அவனுக்கு முன்னே இருந்தது எதுவும் தெரியவில்லை. ஸ்பிரிங் வைத்த அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு போனான், கைகூப்பினான், நின்றான்.

துரை அவன் காலைப் பார்த்தார். வீரராகவனும் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்புறம்தான் ஜம்புலிங்கமும் குனிந்து பார்த்தான். காலில் ஒன்றுமே இல்லை. பம்ப் ஷூ இரண்டும், கதவுக்கு அடியில் தெரிகிறபடி, வெளியே ஒழுங்காக ஜோடி சேர்ந்து நின்றுகொண்டிருந்தன.

"ஷூ எங்கேன்னு துரை கேட்கறார்" என்றார் வீரராகவன்.

"வெளியே கீதுங்க."  நாற்காலி போயிற்று என்று ஜம்புலிங்கம் அப்போதே முடிவு கட்டிவிட்டான். இனி பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? "துரை எதிர்ல எப்படிங்க போட்டுகினு நிப்பேன்? எங்க பொன்னியம்மனுக்கு எதிர்லயும், எங்க மாமனாருக்கு எதிர்லயும் கழட்டிடுவேன். கால் தானா கழட்டிடுச்சுங்க."

வீரராகவன் இங்கிலீஷில் சொன்னார். அம்மன் வரைக்கும் துரை முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. மாமனார் என்றதும் கண்ணை விரித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். துரைக்கும் எங்கேயோ ஒரு மாமனார் இருந்திருக்க வேண்டும்.

"வேலை இருக்கட்டுமாம்" என்றார் வீரராகவன், வெளியே வந்து மூச்சு விட்டுக்கொண்டு. "ஆனா இந்த ஷூ வேண்டாமாம். அவர் அறைக்கு வெளியே கழற்றவே முடியாதபடி, கயிறு கட்டற பூட்ஸாப் போட்டுண்டு வரணுமாம். நேரத்துக்கும் வரணுமாம்."

பக்கீர் முகமது அந்தப் பழைய பூட்ஸையே எடுத்து எதிரே வைத்தார். "சுலபமாக் கழட்டணும்னு தானே நைனா இதைத் திருப்பிக் குடுத்தே?"

"இப்ப கழட்டவே கூடாதாம் பாய்."

"போட்டுகினு போ. சைக்கிளை மட்டும் உள்ளே கொண்டாராதே."

மறுநாள் கோழி கூவுவதற்கு முன்னால் ஜம்புலிங்கம் வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். வரலட்சுமி கூழ்ச் சொம்போடு வந்து நின்றாள்.

"ஒண்ணும் சொல்லாதே" என்றான்.

"நான் இன்னா சொன்னேன்?" என்று சொம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்பங்கரையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

பொன்னியம்மனுக்கு எதிரே நிதானமாக அவிழ்த்து, நிதானமாகக் கட்டினான். கோவில்பதாகையில் இறங்கிக் கயிற்றில் கை வைத்தவன், நிமிர்ந்து பார்த்தான். வாசல் கட்டில் காலியாக இருந்தது. உள்ளேயிருந்து மாமனாரின் குறட்டை தெருவரைக்கும் கேட்டது. தூங்குகிறவருக்கு எதிரே என்ன மரியாதை என்று சைக்கிளில் ஏறி ஒரே மிதியாக மிதித்தான்.

வரலட்சுமி முதல் நாளே சொன்னதுதான் சரி. அதில் இப்போது அவனுக்குச் சந்தேகமே இல்லை. அதை வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்வதா வேண்டாமா என்றுதான் கிடங்கு வாசல் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனான்.