பெல்ட் போட்ட படம்

பொழுது புலருமுன்னரே கூரைமேல் ஆறு பேர் இருந்தார்கள். இரவுப் பனி தகரத்தில் நீராகப் படிந்திருந்தது. கால் வழுக்காமலிருக்க ஒவ்வொருவரும் ஆணி வரிசையின்மீதே அடி வைத்தார்கள். ஆணி இருக்குமிடத்தில் அடியில் இரும்புச் சட்டம் இருக்கும். சட்டம் இருக்குமிடத்தில் கூரை ஆளைத் தாங்கும். இதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. கால் தானே கற்றுக்கொண்டது.

அது ஒரு சரக்குக் கிடங்கு. உள்ளே வெளிச்சம் விழுவதற்காகத் தகரத் தகடுகளுக்கு இடையிடையே பிளாஸ்டிக் தகடுகள் பதித்திருந்தார்கள். புதிதில் அவை கண்ணாடிபோல் இருந்திருக்கும். வெயிலும் தூசியும் ஏறி ஏறி இப்போது தகரத்தின் நிறத்துக்கே வந்துவிட்டன.

கீழேயிருந்து கயிற்றில் ஏறிய சூரிய பேனல்களைச் சட்டத்தைப் பிடித்து இருவர் இருவராகத் தூக்கிச் சென்றார்கள். ஒவ்வொன்றும் ஒரு கதவின் அகலம், கதவைவிடக் கனம். சட்டத்தின் அலுமினிய விளிம்பு கையுறையையும் மீறி விரல்களில் பள்ளம் பதித்தது. நெட்டை என்று அழைக்கப்பட்டவன் அவசரத்தில் ஒரு பேனலை அதன் பின்புற ஒயரைப் பற்றி நகர்த்தினான்.

"ஏய் நெட்டை, குழந்தையைக் காதைப் பிடிச்சா தூக்குவே?" என்று வயர்மேன் கத்தினான். "சட்டத்தைப் பிடி. வெளிச்சம் வேற வருது, ஒயர்ல கரண்ட் ஏறிடும். வீட்டு கரண்டுக்கு ஸ்விட்ச் உண்டு. இதுக்கு ஸ்விட்ச் மேல இருக்கு. உன் மாமனாரே வந்தாலும் அதை அணைக்க முடியாது."

சூரியன் விளிம்பு காட்டியதும் மேஸ்திரி கம்பெனியின் கைப்பேசியை எடுத்தார். வேலை அத்துடன் நின்றது. படம் எடுக்கும் நேரம். தோளிலும் தொடையிலும் பட்டைகள் சுற்றி நெஞ்சில் கொக்கி பூட்டும் பாதுகாப்பு பெல்ட் ஒன்று பையிலிருந்து வெளிவந்தது. ஒருவன் அணிவான், சிரிப்பான், படம் விழும். கழற்றி அடுத்தவனிடம் கொடுப்பான்.

"மாலையைச் சீக்கிரம் மாத்துங்கய்யா, முகூர்த்தம் தப்புது" என்றான் வெல்டர். அந்தக் கேலி தினமும் சொல்லப்பட்டது, தினமும் சிரித்தார்கள். அதனால்தான் எல்லாப் படங்களிலும் எல்லோரும் சிரித்த முகமாகவே இருந்தார்கள்.

பெல்ட்டின் கயிற்றுக்கு மறுமுனை ஒன்று உண்டு. அது எதிலும் கட்டப்படவில்லை. படத்தின் விளிம்புக்கு அப்பால் அது சும்மா கிடந்தது.

கடைசியாக அணிந்தவன் மேஸ்திரியின் தங்கை கணவன். அடி வைப்பதில் ஓர் இம்மியும் சாயாதவன் என்பதால் அவனுக்குத் தராசு என்று பெயர்.

"மச்சான், நம்ம படத்தை எனக்கும் அனுப்பிடு. உன் தங்கச்சி அதைப் பார்த்தாத்தான் பச்சத் தண்ணியே குடிப்பா."

"அனுப்பிட்டேன் மாப்பிள்ளை."

எல்லோரும் அப்படித்தான். படம் கம்பெனிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. பிறகு பெல்ட் பையோடு கயிற்றில் இறங்கியது. கீழே காத்திருந்த வேன் அதை எடுத்துக்கொண்டு போயிற்று. எங்கே போகிறதென்று மேஸ்திரி ஒருமுறை டிரைவரைக் கேட்டார். வேறொரு கூரைக்கு, அங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அங்கும் படம் வேண்டும் என்றான் அவன். மேஸ்திரி அதை யாரிடமும் சொல்லவில்லை.

முன்பு நாள்கூலி. சென்ற மழைக்காலத்துக்குப் பின் எத்தனை பேனல் பூட்டினார்களோ அதற்குத்தான் கூலி. அந்த விகிதமும் அண்மையில் இறங்கியது. ஆகவே தகரம் சூடேறுமுன் எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று ஓடினார்கள். பிளாஸ்டிக் தகடுகளின்மேல் போடுவதற்குப் பலகை கேட்டிருந்தார்கள். வரும் என்றார் முதலாளி. வரவில்லை.

அன்று காற்று எழுந்தபோது மேஸ்திரியும் தராசும் ஒரு பேனலின் இரு முனைகளில் இருந்தார்கள்.

"மச்சான், காத்து. படுக்கப் போடு."

மேஸ்திரி தன் முனையைத் தாழ்த்துவதற்குள் காற்று பேனலின் அடியில் புகுந்தது. கப்பல் பாயைத் தள்ளுவதுபோல் தள்ளியது. தராசு பின்னால் ஓர் அடி வைத்தான். அவனுடைய வாழ்நாளில் பார்க்காமல் வைத்த அடி அது ஒன்றாகத்தான் இருக்கும். அப்பளம் நொறுங்குவதுபோல் ஓர் ஓசை கேட்டது. பேனல் மேஸ்திரியின் கையிலேயே இருந்தது; எதிர்முனையில் ஆள் இல்லை. கூரையில் ஒரு சதுர இருட்டு திறந்திருந்தது.

பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொலைபேசியில் முதலாளி முதலில் கேட்டது அதைத்தான்.

தராசு உயிரோடு இருந்தான். இடுப்பெலும்பும் முதுகெலும்பில் ஓரிடமும் உடைந்திருந்தன. முதலாளி மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்கு வந்துவிட்டார். குரலை உயர்த்தாதவர், உயர்த்தும் தேவை அவருக்கு நேர்ந்ததில்லை.

"எனக்கு மட்டும் வருத்தம் இல்லையாம்மா?" என்று மேஸ்திரியின் தங்கையிடம் கைப்பேசியை நீட்டினார். "பெல்ட் குடுத்திருக்கேன். நேத்துக் காலைல போட்டிருக்காரு, பாருங்க. அப்புறம் அவரே கழட்டி வச்சா நான் என்ன செய்ய? காப்பீட்டுக்காரன் இந்தப் படத்தைத்தான் கேப்பான். ஆளோட கவனக்குறைவுன்னு கையை விரிச்சிடுவான். ஆனா நான் மனுஷன். என்னால ஆனதைச் செய்யறேன்."

தங்கைக்கு அந்தப் படம் புதிதன்று. அவளுடைய கைப்பேசியிலும் இருந்தது. முதலாளி போனதும் கட்டிலருகே நின்று கணவனைக் கேட்டாள்.

"கழட்டினீங்களாமே? எதுக்கு? தோள் வலிச்சுதா? புழுக்கமா இருந்துதா? கழட்டுறப்போ வீட்டுல மூணு உசிரு இருக்கேன்னு தோணலியா? அவ்வளவு பெரிய வீரரா நீங்க?"

"தப்புதான்" என்றான் தராசு, கூரையைப் பார்த்தபடி.

அன்று முழுவதும் திட்டினாள். அவன் தப்புதான் என்பதற்குமேல் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் இத்தனை மாதங்களாக அனுப்பிய படங்கள் அனைத்தும் பொய்யாகிவிடும். பொய்யன் என்ற பெயரைவிடக் கவனமற்றவன் என்ற பெயர் அவனுக்கு இலேசாக இருந்தது. மேஸ்திரி கட்டிலின் கால்மாட்டில் நின்று, கலையாத போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அடுத்த நாள் மாலை வயர்மேனின் மனைவி பிளாஸ்கில் கஞ்சியோடு வந்தாள். வேலையாட்கள் ஐவரும் தாழ்வாரத்தில் நின்றிருந்தார்கள். பெண்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆறுதல் சொல்லப்போனவள் தன் கைப்பேசியை எடுத்தாள்.

"இவரும் தினம் அனுப்புவாரு அக்கா. இதைப் பார்த்துட்டுத்தான் நான் வீட்டு வேலையே தொடங்குவேன்." பிறகு தங்கையின் படத்தை வாங்கிப் பார்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். இடது தோள்பட்டையில் வெல்டிங் பொறி பட்டுக் கருகிய ஓட்டை, மிளகளவு. தன் படத்தையும் பெரிதாக்கினாள். "இதுலயும் ஓட்டை. ஏங்க, கம்பெனிக்காரன் ஓட்டை போட்டேதான் பெல்ட் குடுப்பானா?"

வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. வயர்மேன் கைகழுவும் முறையை விளக்கும் சுவரொட்டியைத் தீவிரமாகப் படித்துக்கொண்டிருந்தான். வெல்டர் தன் செருப்பைப் பார்த்தான். நெட்டை தன் உயரத்தை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் தூணில் சாய்ந்தான்.

தங்கை எழுந்தாள். "அண்ணா, பெல்ட் எத்தனை?"

"ஒண்ணு."

"ஆறு பேருக்கா?"

மேஸ்திரி தலையசைத்தார்.

"போட்டோ எடுத்தது யாரு?"

"நான்தான்."

அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பார். "நேத்து முழுக்க அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன்" என்றாள். "அவர் கேட்டுக்கிட்டுக் கிடந்தாரு. நீ பக்கத்துல நின்னு போர்வையைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தே."

உள்ளே போனாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே தப்புன்னு சொல்லாதீங்க" என்று அவள் சொல்வது வெளியே கேட்டது.  மேஸ்திரி கதவிடுக்கில் பார்த்தார். தராசு முழங்கையை மடித்துக் கண்களை மூடிக்கொண்டிருந்தான். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

ஐவரும் எதிரிலிருந்த டீக்கடைக்குப் போனார்கள். டீ ஆறியது.

"நாளைக்கு நாம ஏறலைன்னா வேற ஆளு ஏறுவான்" என்றான் வெல்டர்.

"ஏறுவான். அவனையும் யாராவது படம் பிடிப்பாங்க" என்றார் மேஸ்திரி.

"அந்தப் படம் பொய்னு நாமதானே சொல்லணும்? நாமதான் சிரிச்சிருக்கோமே மேஸ்திரி." என்றான் நெட்டை. "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய்க் கேக்கறது?"

"இந்த மூஞ்சியைத்தான். வேற மூஞ்சிக்கு எங்க போறது?"

வயர்மேன் கிளாஸைக் கீழே வைத்தான். "கேக்கறதுன்னா ஒருத்தரா கேக்கக் கூடாது. ஒருத்தன் கேட்டா திமிருன்னுவாங்க. அஞ்சு பேரும் ஒரே வாயா கேக்கணும்."

மறுநாள் விடியலில் ஐவரும் கிடங்கின் வாயிலுக்கு வந்தார்கள். கயிறு தொங்கியது, எவரும் தொடவில்லை. முதலாளியின் கார் வந்து நின்றது.

"என்னப்பா, வேடிக்கை பார்க்கவா கூலி?"

"ஏறலைங்க முதலாளி" என்றார் மேஸ்திரி. "ஆளுக்கொரு பெல்ட் வேணும். கட்டுறதுக்குக் கயிறு வேணும். பிளாஸ்டிக் தகட்டு மேல பலகை போடணும். எங்க மாப்பிள்ளை விழுந்தது வேலையில விழுந்ததுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும்."

"பெல்ட் குடுத்தேனா இல்லையா? மனசாட்சியோட சொல்லு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. மரம் என்றால் ஒரு மரமும் ஆகும், தோப்பும் ஆகும்; பெல்ட்டும் அப்படித்தான். ஒருமையையும் பன்மையையும் ஒரே உருவில் காட்டும் இத்தகைய பெயரைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது இலக்கணம். முதலாளி இலக்கணம் படித்தவரல்லர். ஆயினும் அந்தப் பெயரின் பயனை அவரளவு உணர்ந்தவர் இல்லை.

"எத்தனை குடுத்தீங்க? அதைச் சொல்லுங்க" என்றான் வயர்மேன்.

"எத்தனையா? படம் இருக்குப்பா. ஒவ்வொருத்தனும் போட்டிருக்கீங்க."

"அப்படின்னா ஒண்ணு செய்யுங்க. ஒரே ஒரு படம். நாங்க எல்லாரும் பெல்ட்டோட ஒண்ணா நிக்கிற படம். அதை எடுங்க, இப்பவே ஏறிடறோம்."

 முதலாளி மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். குரல் அப்போதும் உயரவில்லை.

"ஏமாத்தினது யாரு மேஸ்திரி? நானா படம் எடுத்தேன்? நானா சிரிச்சேன்? நாளைக்கு எவனாவது விசாரிச்சா மாட்டறது யாரு? உன் மாப்பிள்ளைக்குக் குழி தோண்டினதே நீதான்னு உன் தங்கச்சிக்குத் தெரியுமா?"

மேஸ்திரியின் முகம் சுருங்கியது. அந்தக் கேள்விக்காகத்தான் அவர் இரண்டு இரவுகள் உறங்காமலிருந்தார்.

"தெரியும்" என்றார். "நான் எடுத்தேன். அவங்க சிரிச்சாங்க. எவன் வந்து கேட்டாலும் அதைத்தான் முதல்ல சொல்வோம். அப்புறம் மிச்சத்தைச் சொல்வோம்."

"வாய் கொழுத்துப்போச்சு" என்று முதலாளி கைப்பேசியைக் காதில் வைத்தார்.

சற்று நேரத்தில் வேன் வந்தது. உள்ளே வேறு ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருவரான நரைமீசைக்காரர் முன்னிருக்கையிலிருந்து இறங்கினார், அவர்களுடைய மேஸ்திரி.

"ஏறுங்கப்பா, இவங்களுக்கு உடம்பு வணங்கலையாம்" என்றார் முதலாளி.

நரைமீசைக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தரையில் நின்றவர்களைப் பார்த்தார். "யாருய்யா விழுந்தது?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர்."

"ஏணியில வழுக்கினாருன்னுல்ல சொன்னாங்க?"

"பிளாஸ்டிக் தகட்டுல. பலகை இல்ல, பெல்ட் இல்ல."

"பெல்ட் எங்களுக்கு வருதே, வெயில் ஏறின பிறகு."

"எங்ககிட்டேருந்துதான் வருது" என்றார் மேஸ்திரி.

 வேனுக்குள் ஒருவன் குனிந்து தன் சட்டைப்பையிலிருந்த கைப்பேசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவனும் வீட்டுக்கு ஒன்று அனுப்பியிருப்பான். இரு மேஸ்திரிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் சற்று நின்றார்கள்.

"இறங்குங்கடா" என்றார் நரைமீசைக்காரர்.

"அப்படிச் சொல்லு" என்றார் முதலாளி.

"மேல இல்லைங்க முதலாளி. இங்க." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேஸ்திரியின் பக்கத்தில் வந்து நின்றார். வேனிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவன் தயங்கினான். நெட்டை நகர்ந்து அவனுக்கு இடம் விட்டான்.

முதலாளி காருக்குள் உட்கார்ந்து யார் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார். மாலைக்குள் வேறு ஆட்கள் வரலாம், போலீசும் வரலாம். கூலி போய்விட்டது. கேட்டது எதுவும் கிடைக்கவில்லை.

மேஸ்திரியின் கைப்பேசி ஒலித்தது. தங்கை.

"ஏறிட்டீங்களா?"

"இல்லம்மா. கீழதான் நிக்கிறோம். பத்து பேரு."

"பத்து பேரா?"  "என்கிட்ட எதுக்குச் சொல்றே? இரு, அவர்கிட்ட குடுக்கறேன்."

கைப்பேசி கை மாறும் ஓசை. பிறகு மூச்சின் ஓசை. 

"மாப்பிள்ளை..."

"மச்சான், அங்க காத்து எப்படி இருக்கு?"

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். கூரையில் உடைந்த இடத்தின்மேல் கட்டியிருந்த தார்ப்பாயின் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தது. "அடிக்குது மாப்பிள்ளை."

"அப்படின்னா ஒருத்தரையும் ஏற விடாதே."

மேஸ்திரி திரும்பி, மற்ற ஒன்பது பேருக்கும் கேட்கும்படி, காருக்குள் இருப்பவருக்கும் கேட்கும்படி, அதை அப்படியே உரக்கச் சொன்னார்.