பானைக்காரியின் ஐந்து அடி

எங்கள் இசைத்துறையில் இந்தப் பருவத்துக்கு ஒன்பது கச்சேரிகள். சேர்ந்திசை, பித்தளைக் குழல்கள், ஜாஸ், பழைய பியானோ எல்லாம் உண்டு. ஒருவர் மேடையில் காகிதம் கிழிப்பதை நாற்பது நிமிடம் இருமக்கூடச் செய்யாமல் நாங்கள் கேட்ட கச்சேரியும் உண்டு. எனக்கு வேண்டியது ஒன்பதாவது. டிம்பனியை முன்னால் வைத்து முழுக் குழுவும் பின்னால் வாசிக்கும் கச்சேரி. டிம்பனி என்றால் செம்புப் பானை மாதிரி நாலு பெரிய முரசுகள். காலால் மிதியை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். துறையில் அதை வாசிப்பவள் நான் ஒருத்திதான். ஆனால் சுவரொட்டியில் அந்த இடத்தில் ‘விருந்தினர்’ என்று போட்டிருந்தது.

பேராசிரியரிடம் நேராகவே கேட்டேன். "நாலு வருஷமா பின்னாடி நின்னு வாசிக்கிறேன். இப்ப விருந்தாளி எதுக்கு சார்?"

"நீ தாளத்த நல்லா எண்ணுறம்மா. முன்னாடி நிக்க எண்ணத் தெரிஞ்சா மட்டும் போதாது. எட்டாவது கச்சேரியப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"பானைக்காரிக்கு வந்த ஆசையப் பாரு" என்றான் முதல் வயலின்காரன். ஓயாமல் தலை வாருவதால் அவனுக்குச் சீப்பு என்று பெயர். அவன் அப்பா, தாத்தா எல்லாரும் இதே கட்டடத்தில் படித்தவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நான் கை பழகியது அங்கே கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கூடைகளில்.

எட்டாவது கச்சேரியின் கடைசி உருப்படியில், முதல் பகுதியை இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்று இசைக்குறிப்புத் தாளில் போட்டிருக்கும். வியாழக்கிழமை ஒத்திகையில் பேராசிரியர், "நேரம் இழுக்குது. திரும்ப வேண்டாம், நேரா அடுத்த பகுதிக்குப் போயிடுங்க" என்றார். எல்லாரும் அந்தக் குறியைப் பென்சிலால் அடித்துவிட்டோம். எல்லாரும் என்றால், ஊதுகிறவர்களும் நானும். வயலின்காரர்கள் அன்றைக்கு வேறு கச்சேரியின் ஒத்திகைக்குப் போயிருந்தார்கள். ஒரே கூட்டத்தை வைத்து ஒன்பது கச்சேரி நடத்தினால் இப்படித்தான். சனிக்கிழமை அவசரத்தில் முடிவை மட்டும் பார்த்தோம். அவர்களிடம் யாருமே சொல்லவில்லை என்பது ஞாயிறு மதியம் மேடையில்தான் தெரிந்தது.

முதல் பகுதி முடிந்ததும் நாற்பது வயலின்கள் தொடக்கத்துக்குத் திரும்பின. இருபது குழல்கள் முன்னால் போயின. கல்யாண வீட்டில் இரண்டு சமையல்காரர்கள் சண்டை போடுகிற மாதிரி ஒரு சத்தம். குழுவை நடத்திக்கொண்டிருந்த பேராசிரியரின் கோல் காற்றில் பாதியிலேயே நின்றுவிட்டது. சீப்பின் காது சிவந்தது.

என் தாளில் அடுத்த பகுதியின் தொடக்கம் முழுக்க ஓய்வு, அடியே கிடையாது. சும்மா நின்றால் என்மேல் ஒரு பழியும் வராது. அடித்து அது பிசகினால் ஒன்பதாவது கச்சேரி போச்சு.

ஆனால் முதல் பகுதியின் ஒவ்வொரு வரியும் என் ஐந்து அடியில்தான் தொடங்கும். அது எல்லாருக்கும் தெரியும். வயலின்கள் முதல் வரியின் நடுவில் இருந்தன. பெரிய பானையை அடுத்த பகுதிக்காக ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தேன். தோலருகே காதை வைத்து, விரலால் சுண்டி, மிதியை இறக்கினேன். கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. திரும்ப ஏற்றினேன். வரி முடியப் போகிறது. எண்ணினேன். மூன்று. நாலு.

தம் தம் தம் தம் தம்.

நாலு வருஷக் கோபமும் அதில் இருந்தது. முதல் டிரம்பெட்காரி சட்டென்று குழலை இறக்கினாள், பக்கத்தைப் பின்னால் புரட்டினாள், பாய்ந்து சேர்ந்தாள். அவள் பின்னால் மற்ற குழல்கள். அடுத்த வரிக்கு மறுபடி ஐந்து அடி வைத்தபோது அறுபது பேரும் ஒன்றாக இறங்கினார்கள். கோல் அசையத் தொடங்கியது, என் கையைப் பார்த்து.

முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்றது.

மேடைக்குப் பின்னால் பேராசிரியர் வேர்த்து நின்றார். "திரும்ப வேண்டாம்னுதானே சொன்னேன்? யாரைக் கேட்டு அடிச்ச?"

"எங்ககிட்ட சொன்னீங்க சார். வயலின்காரங்ககிட்ட சொல்லல. கேக்கலாம்னு உங்க கோலப் பார்த்தேன். அது பேசல."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். சீப்பு சீப்பை எடுத்தான், மறுபடி பைக்குள் வைத்தான். "சார், அவ அடிக்கலேன்னா நாங்க தொலைஞ்சோம்" என்றான்.

பேராசிரியர் என்னையே பார்த்தார். "தப்பு என்னோடதுதான்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. நான் விடவில்லை. அங்கே ஒட்டியிருந்த சுவரொட்டியைக் காட்டினேன். அவர் பென்சிலை எடுத்தார்.

"பேனா சார்" என்றேன்.

‘விருந்தினர்’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். முழுப் பெயரை, அம்மாவின் முதலெழுத்தோடு.

வாசலில் அம்மா சீருடையோடு நின்றிருந்தாள். "நடுவுல சந்தை மாதிரி இரைச்சலா இருந்துச்சே, அது பாட்டுலயே உள்ளதாடி?"

"இல்லம்மா. குழப்பம் ஆயிடுச்சு. அடுத்த வாரம் நான்தான் முன்னாடி நின்னு வாசிக்கிறேன்."

"அதானே பார்த்தேன். நீ டம் டம்முனு அஞ்சு போட்ட, எல்லாரும் ஒழுங்கா வந்துட்டாங்க." பக்கத்தில் நின்ற சீப்பின் அப்பாவிடம் திரும்பினாள். "வீட்லயும் இப்படித்தாங்க. இவ குரல் குடுத்தா மறுபேச்சு கிடையாது. அடுத்த வாரம் முன்னாடி நின்னு வாசிக்கிறாளாம், வந்துடுங்க."