நல்ல கிருமி குடியிருந்த சுவர்

காலை ஏழு மணிக்கு மல்சூன் இரண்டு வாளிகளோடு மூன்றாம் மாடிக்கு வந்துவிடுவாள். நீல வாளியில் பிளீச்சிங் கலந்த தண்ணீர். அது தரைக்கும் கட்டில் கம்பிகளுக்கும். சிவப்பு வாளியில் வெறும் தண்ணீர். அது ஆறு கட்டில் அறையின் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும். ஒன்றுக்கொன்று மாறிவிடக் கூடாது என்று துணிகளைக்கூட அதே நிறத்தில் வாங்கி வைத்திருந்தாள்.

சாம்ச்சோக் நகரின் அந்த முதியோர் மருத்துவமனையில் அவள் துப்புரவு வேலைக்குச் சேர்ந்ததே ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த கணவன் தோஷிக்கைப் பார்க்கத்தான். வெளியாட்களுக்கு வாரம் ஒருமுறை, அதுவும் இருபது நிமிடம்தான் அனுமதி. வேலைக்காரிக்குத் தினமும் உண்டு. முப்பது வருடம் சிமென்ட் தூசியை விழுங்கிய நுரையீரல் தோஷிக்குடையது. தொண்டையில் குழாய் போட்ட பிறகு பேச்சு நின்றுபோய், சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

"சுவத்துக்குத் தினம் முகம் கழுவி விடற. புருஷனுக்கு எப்போ?" என்று எழுதுவார்.

"சுவரு எதிர்த்துப் பேசாதுய்யா. வரிசையில நில்லுங்க" என்பாள் மல்சூன்.

முந்தைய வருடம் மருந்துக்கு அடங்காத கிருமி ஒன்று அந்த அறைக்குள் புகுந்து இரண்டு பேரைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகுதான் பல்கலைக்கழகத்திலிருந்து பியோ என்ற ஆய்வாளப் பெண் வந்து, தலைமாட்டுச் சுவரில் சாம்பல் நிற ஓடுகளைப் பதித்துவிட்டுப் போனாள். ஓட்டின் நுண்துளைகளில் உயிருள்ள கிருமிகள் இருந்தன.

"கிருமியை விரட்டக் கிருமியா? நல்லா இருக்கு கூத்து" என்றாள் மல்சூன்.

"சோயாக்கட்டியை வைக்கோல்ல கட்டித் தொங்கவிட்டுப் புளிக்க வச்சா வருமே ஒரு நல்ல கிருமி, அதுக்குப் பங்காளிம்மா இது. இது குடியிருக்கிற இடத்துல கெட்டது வந்து ஒட்ட முடியாம திணறும். அப்படித்தான் நம்புறோம். பார்க்கலாம்."

"அப்ப இது சுவரு இல்ல. எங்க வீட்டு மாடியில சோயா புளிக்கிற சாடி."

"அதேதான். சாடியில பிளீச்சிங் ஊத்துவீங்களா? வெறும் தண்ணி போதும்."

பியோ வாரம்தோறும் பஞ்சுக் குச்சியால் சுவரையும் கட்டில்களையும் தொட்டு எடுத்துப்போய்ச் சோதித்தாள். பன்னிரண்டாவது வாரத்தில் அந்த அறையில் கெட்ட கிருமியின் அளவு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

பதின்மூன்றாவது வாரம், புதன்கிழமை மதியம், நிர்வாக மேலாளர் நம்கூங் அறைக்குள் வந்தார். மறுநாள் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. கதவில் தொங்கிய சுத்தப் பட்டியலை விரலால் தட்டினார்.

"மல்சூன் அம்மா, இந்தச் சுவருக்கு நேரா 'மருந்து அளவு' கட்டம் மூணு மாசமா காலியா இருக்கே?"

"அங்க வெறும் தண்ணிதாங்க ஐயா. பியோ சொல்லியிருக்காங்க."

"வெறும் தண்ணின்னு எழுதினா மதிப்பெண் போயிடும். வர்றவங்க நுழைஞ்சதும் பிளீச்சிங் வாசனை மூக்குல ஏறணும். இங்க என்னடான்னா மண்ணு வாசம் அடிக்குது. ரெண்டு மடங்கு கலந்து அடிச்சுத் தேய்ங்க."

"தேய்ச்சா செத்துடும் ஐயா."

"ஒரு நாள்தானே? அப்புறம் உங்க தண்ணியையே ஊத்துங்க."

"செத்தது தண்ணி ஊத்தினா எந்திரிக்காதுங்க."

நம்கூங் சிரித்தார். "துடைப்பம் பிடிக்கிற கைக்கு விஞ்ஞானம் எதுக்கும்மா? உங்களால முடியலைன்னா சொல்லுங்க, ஒப்பந்தக்காரர் வேற ஆளை அனுப்புவார்."

மல்சூன் தலைமை நர்ஸிடம் போனாள். "மேலாளர் சொன்னா செஞ்சிடுங்கக்கா. எனக்கெதுக்கு வம்பு" என்று அவள் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மல்சூன் பியோவைத் தொலைபேசியில் அழைத்தாள். மாநாட்டுக்கும் ஆய்வுக்குமாக மூன்று வாரம் வெளிநாடு கிளம்பிய பியோ அப்போது விமானத்தில் இருந்தாள். இரண்டு முறையும் மணி அடிக்கவில்லை.

தோஷிக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். சிலேட்டில் "செய்யாதே" என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு உள்ளங்கையால் அழித்துவிட்டு, "செய். வேலை போனா உன்னை வாரம் ஒருதரம்தான் பார்ப்பேன்" என்று எழுதினார்.

அவள் நீல வாளியைச் சுவரோரம் நகர்த்தினாள். நான்கு மணிக்குள் மண்வாசம் போய்விட்டது.

மறுநாள் வந்தவர்களில் ஒருவர் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்து, "நல்லாப் பராமரிக்கிறீங்க" என்றார். அடுத்த வாரமே வாயிலில் 'முதல் தரம்' என்று பதாகை ஏறிற்று.

சுவரைத் தேய்த்த பத்தொன்பதாவது நாள் தோஷிக்குக்குக் காய்ச்சல் கண்டது. சளியைச் சோதித்தார்கள், அதே பழைய கிருமி. கீழ்த்தளத் தனியறைக்கு மாற்றினார்கள். அங்கே துப்புரவுக்கு வேறு ஆள். மல்சூன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். சிலேட்டைத் தூக்க அவருக்குத் தெம்பில்லை.

ஊர் திரும்பிய பியோ ஓடுகளைச் சோதித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். "ஒண்ணுகூட முளைக்கலம்மா. எல்லாம் செத்துப்போச்சு."

"அதனாலதான் இவருக்கு வந்துச்சா?"

"ஆமான்னு என்னால சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது."

அந்த நேரத்தில் நம்கூங் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு நீங்க இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம், மல்சூன் அம்மா."

மல்சூன் குரலை உயர்த்தவில்லை.

"சொன்னேங்க ஐயா. ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொன்னேன். சொன்னது துடைப்பக்காரி வாயிங்கறதால உங்க காதுல ஏறல. தெரிஞ்சவங்க சொன்னா, அவங்க கையில என்ன இருக்குன்னு பார்க்காதீங்க. வாயில என்ன இருக்குன்னு கேளுங்க. இனிமேலாவது, வந்து பார்க்கிறவங்க மூக்குக்காகச் சுத்தம் பண்ணாதீங்க. படுத்திருக்கிறவங்க மூச்சுக்காகப் பண்ணுங்க."

நம்கூங் தலை குனிந்துகொண்டார். அவர் அதைக் கேட்டுக்கொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கண்ணாடிக்கு அப்பால் காய்ச்சல் நூற்று மூன்றிலேயே நின்றது. அதைக் குறைக்க அவராலும் முடியவில்லை, அவளாலும் முடியவில்லை.