குழலுக்கும் கட்டைக்கும் நடுவே

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி நோலா தன் பாயின்ட் டூ டூ துப்பாக்கியைக் கொண்டுவந்து என் பட்டறை மேசையில் வைத்தாள். குண்டு பூட்டும் போல்ட்டைக் கழற்றி வீட்டுக்குள் பூட்டிவிட்டு வெறும் உடம்பை மட்டும்தான் எடுத்து வந்திருந்தாள். அதில் அவள் எப்போதும் கறார்.

"இந்த வருஷத் திருவிழாவுக்கு இதுக்கும் ஏதாவது உடுத்தி விடு. எனக்குத் தொப்பி இருக்கு, மூக்குக்கு மேல பித்தளைக் கண்ணாடி இருக்கு. இது மட்டும் கறுப்பு பிளாஸ்டிக் கட்டையில சவம் மாதிரி படுத்திருக்கு."

"எத்தனை நாள் தருவே?"

"ஜூன் வரைக்கும். நீ கல்லுடைக்கிற வேகத்துக்கு அது போதுமா பாரு."

ஜூன் தொடக்கத்தில் எங்கள் ஓமரு ஊரில் பாதிப் பேர் நீராவி இயந்திரம் சாகவே இல்லை என்பது போல உடுத்திக்கொண்டு தெருவில் நடப்பார்கள். திருவிழாச் சனிக்கிழமை, துறைமுகத்துப் பக்கம் இருக்கும் துப்பாக்கிக் கழகக் கூடத்தில் டிமாரு ஊர்க்காரர்களோடு போட்டி. பக்கத்துக்கு ஐந்து பேர். சுடுகிறவர் மட்டுமல்ல, துப்பாக்கியும் வேஷத்தோடுதான் வர வேண்டும். அழகான துப்பாக்கியைச் செய்த கைக்குத் தனியாக ஒரு கோப்பை உண்டு. எங்கள் ஊர் ஐவரில் நோலா இருபத்திரண்டு வருடமாக ஒருத்தி.

என் கொட்டகையில் ஒன்பது வருடமாகக் காய்ந்துகொண்டிருந்த வால்நட் பலகை ஒன்று இருந்தது. அதில் கட்டையை வெட்டினேன். மூடிப்போன பால் கொட்டகையிலிருந்து ஒரு பித்தளை அழுத்த மீட்டர், சுவர்க் கடிகாரத்தின் பல்சக்கரம் மூன்று, பழைய கதவின் கைத்தகடு ஒன்று. எல்லாம் வெறும் அலங்காரம். சுடுகிற பாகம் எதையும் நான் தொடவில்லை. துப்பாக்கியின் எண் மறையாமல் தகட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினேன்.

கஷ்டமான வேலை குழல் உட்காரும் பள்ளம்தான். குழலில் எங்கள் குவாரியின் வெள்ளைத் தூளைப் பூசி, கட்டையில் வைத்து அழுத்தி எடுப்பேன். வெள்ளை ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவுவேன். மறுபடி பூசுவேன், மறுபடி வைப்பேன். ஆறு வாரக் கடைசிகள் இப்படிப் போயின. முப்பத்தோரு வருடம் சுண்ணாம்புக்கல் அறுத்தவன் நான். கல்லும் கல்லும் சேருமிடத்தில் சவர பிளேடு நுழைந்தால் அந்தக் கல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே கணக்கில்தான் இதையும் செய்தேன். கடைசியில் எங்கே இரும்பு முடிந்து எங்கே மரம் தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. முன்பக்கம் குழலையும் கட்டையையும் சேர்த்து அகலமான பித்தளை வளையம் ஒன்று போட்டேன். அதன் மேல் மீட்டர்.

நோலா அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யோவ், இதை நீயா செஞ்சே?" என்றாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவள் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

மார்ச் கடைசியில் புதுக் கட்டையோடு அவள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சுட்டாள். ஏப்ரல் பாதியில் மழை பிடித்தது, கடல் மூட்டம் ஊருக்குள் ஏறி நின்றது. தொண்ணூற்றைந்து. பிறகு தொண்ணூற்றொன்று. மே மாத நடுவில் எண்பத்தெட்டு. துளைகள் இடது மேல் மூலைக்கு ஏறின. அவள் குறி பார்க்கும் கருவியைத் திருகித் திருகிச் சரி செய்தாள். அடுத்த நாள் அவை வேறெங்கோ போயின.

"கண்ணு போச்சு. கறுப்பு வட்டம் ஓரமெல்லாம் கம்பளி மாதிரி தெரியுது" என்றாள். டனீடின் கண் வைத்தியரிடம் நாள் வாங்கினாள். சாப்பாட்டு மேசையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உப்பு டப்பாவைப் பார்ப்பாள், பிறகு அடுத்த கண்ணை மூடுவாள்.

போட்டிக்கு முந்தைய ஞாயிறு செமீசி வந்தான். இறைச்சி ஆலையில் வேலை பார்க்கிற டோங்காத் தீவுக்காரன், கழகத்தில் புள்ளி எண்ணுகிறவன். கையில் ஒரு பொட்டலம் சீஸ் ரோல். நோலா கடைக்குப் போயிருந்தாள். துப்பாக்கியை அவனுக்கு எடுத்துக் காட்டினேன்.

"பெரிசு, இதையே நீ கல்யாணம் பண்ணிக்கலாம் போலிருக்கே" என்றான். பிறகு மெல்வதை நிறுத்திவிட்டு, ரோல் சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகப் பார்த்தான். நுழையவில்லை.

"பாத்தியா?" என்றேன், பெருமையாக.

"பாத்தேன். காகிதம் போகணும், பெரிசு."

"போகாம இருக்கிறதுதாண்டா வேலை."

"சுவருக்குச் சரி. இது துப்பாக்கி. சுட்டா குழல் துடிக்கும், அது மரத்துல படக்கூடாது. அதுவும் இந்த மூட்டத்துல மரம் தண்ணி குடிச்சுக் குழலை நெட்டித் தள்ளுது. வளையம் வேற கழுத்தைப் பிடிச்சிருக்கு. உத்து உத்துப் பாத்துதான் அவங்களுக்கு வட்டம் கலங்குது. நோலாக்கா கண்ணுக்கு ஒண்ணும் ஆகல, உன் கைதான் அவங்களைக் குருடாக்கிட்டு இருக்கு."

சரி செய்யலாம். பள்ளத்தைச் சீவி இடைவெளி விட வேண்டும், வளையத்தைக் கழற்ற வேண்டும். அதாவது நான் செய்ததிலேயே நல்லதை நானே கெடுக்க வேண்டும்.

"அவகிட்ட சொல்லாதே" என்றேன்.

"நான் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியவன் நீதானே" என்று மிச்ச ரோல்களை அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

திங்கள் சொல்லவில்லை. செவ்வாயும் இல்லை. நான் அறுத்த கல் எந்த ஊரில் எந்தச் சுவரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. லாரி வரும், ஏற்றிக்கொண்டு போய்விடும். இது ஒன்றுதான் என் கையிலிருந்து போகாமல் நின்றது. புதன்கிழமைப் பயிற்சியில் எண்பத்தேழு சுட்டுவிட்டு வந்து அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்தபோது சமையலறை மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. நாற்பது வயதில் அவளிடம் எழுத்துப் படித்தவன் நான், அவள் கையெழுத்து எனக்கு அச்சை விடச் சுலபம். கழகத் தலைவருக்கு எழுதியிருந்தாள். கண் சரியில்லாததால் விலகிக்கொள்கிறேன், நாளைக்கு மீன் கடை கிர்ஸ்டி என் இடத்தில் சுடட்டும், இனிமேலும் அவளே இருக்கட்டும்.

கொல்லையில் அவள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் கண்ணு இல்ல, நோலா" என்றேன். "கட்டையை நான் இறுக்கினதுதான்." எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் ஒரு சட்டையை உதறிக் கொடியில் மாட்டி இரண்டு கிளிப்பும் போட்டாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை" என்றாள். "புதன்கிழமை நான் சுவரைப் பாத்துப் படுத்திருந்தேனே, அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

இன்னும் நான்கு துணி இருந்தது. நான்கையும் போட்டு முடித்தாள். "வா" என்றாள். பட்டறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் வளையத்தைக் கழற்றினேன். குழலைப் பிரித்தேன். ஒரு தடிக் குச்சியில் உப்புத்தாள் சுற்றிப் பள்ளத்தைத் தேய்த்தேன். வால்நட் தூள் என் பூட்ஸ் மேல் காப்பிப் பொடி போல விழுந்தது. ஒவ்வொரு முறை பூட்டியதும் அவள் காகிதத்தைச் செருகிப் பார்ப்பாள்.

"பாதியில நிக்குது. தேய்."

தேய்த்தேன்.

"இங்க இன்னும் உரசுது. தேய்."

கடைசியில் காகிதம் முனையிலிருந்து அடிவரை தங்குதடையின்றி ஓடியது. சீவின மரத்துக்கு எண்ணெய் தடவினேன். குழலின் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது, மூடாத வாய் போல. சுட்டுப் பார்க்க இனி நேரமில்லை. கடிதத்தை அவள் கிழிக்கவில்லை. மறுநாள் கோட்டுப் பையில் அதை வைத்துக்கொண்டுதான் கிளம்பினாள்.

கூடத்தில் கிர்ஸ்டி செப்புக் குழாய் சுற்றிய துப்பாக்கியோடு தயாராக நின்றாள். "நோலாக்கா, நான் சும்மா நிக்கணுமா சுடணுமா, சீக்கிரம் சொல்லுங்க. இந்த இடுப்புப் பட்டையில மூச்சே விட முடியல."

"ரெண்டு குண்டு பொறு" என்றாள் நோலா.

அழகுக் கோப்பைக்கு மதிப்பெண் போட வந்த டிமாரு அம்மாள் எங்கள் துப்பாக்கியைச் சுற்றி வந்து, அந்த இடைவெளியில் நகத்தை விட்டுப் பார்த்தாள். "நல்ல வேலை. இந்த இடம்தான் முடிக்காம விட்டுட்டீங்க."

"முடிச்சதுதாம்மா" என்றேன். அவள் ஏதோ குறித்துக்கொண்டு நகர்ந்தாள். கோப்பை அவர்கள் ஊருக்கே போயிற்று.

நோலா பாயில் குப்புறப் படுத்தாள். கணக்கில் சேராத சோதனைக் குண்டுகள் முதலில். ஒன்று சுட்டாள். தொலைநோக்கியில் செமீசி பார்த்தான். "வலது கீழ். ஏழு."

கிர்ஸ்டி துப்பாக்கியைக் கையில் எடுத்தாள்.

நோலா இரண்டாவது சுட்டாள். செமீசி தொலைநோக்கியைத் திருகினான். பிறகு சொன்னான், "ரெண்டாவது காணோம்... இல்லல்ல, இருக்கு. முதல் ஓட்டைக்குள்ளேயே இருக்கு."

தப்பான இடம்தான், ஆனால் அதே இடம். இரண்டு மாதமாக அவள் குறியை இந்தப் பக்கம் திருகி வைத்திருந்தாள், இப்போது குழல் தன் இடத்துக்கு வந்துவிட்டது. நோலா படுத்தபடியே குறியைத் திருப்பினாள். ஒவ்வொரு சொடுக்கும் எனக்குக் கேட்டது.

"கிர்ஸ்டி, பட்டையைத் தளர்த்திக்கோம்மா" என்றாள்.

தொண்ணூற்றேழு. டிமாரு ஆட்கள் எங்களை மூன்று புள்ளியில் ஜெயித்தார்கள், ஆனால் எங்கள் பக்கத்தில் அதிகம் அவள்தான். கடிதத்தைக் கூடத்து அடுப்பில் போட்டுவிட்டு வந்தாள். சுட்ட அட்டையை என்னிடம் காட்டவில்லை. செமீசியிடம் காட்டினாள், கிர்ஸ்டியிடம் காட்டினாள்.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. துப்பாக்கிப் பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் தோளை மாற்றிக்கொண்டு நடந்தாள். தெருவில் உயரத் தொப்பிக்காரர்கள் இருவர் வணக்கம் சொன்னார்கள், அவர்களுக்கு மட்டும் சிரித்தாள். பாதி மேட்டில் மூச்சு வாங்க நின்றாள்.

"அஞ்சு நாள், லின்சி."

"ஆமா."

திரும்பி ஏறத் தொடங்கினாள். பத்தடி போன பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கி, ஒரு கைப்பிடியை மட்டும் என் பக்கம் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். மிச்ச மேட்டை அப்படியே ஏறினோம்.