நேத்ராவின் பழைய வெர்ஷன்

ஹுமேரா வேலை பார்த்த ஓசூர் கம்பெனியில் நேத்ரா என்று ஒரு மென்பொருள் இருந்தது. ஸ்காட்லாந்தில் இருக்கும் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் செய்தது. அந்தக் கம்பெனியின் மெயின்ஃபிரேம் என்ற பழைய பெரிய கணினியில், நாற்பது ஐம்பது வருடமாக அசெம்பிளி என்ற கணினி மொழியில் எழுதிச் சேர்த்த நிரல் கோப்புகள் மூவாயிரம் கிடந்தன. எழுதியவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். மீதிப் பேர் உலகத்திலேயே இல்லை. இப்போது எல்லாவற்றையும் புதிய கணினிக்கு மாற்ற வேண்டும். எது எதை நம்பி ஓடுகிறது என்று தெரியாமல் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று படுத்துவிடும். அதைக் கண்டுபிடித்துச் சொல்வது நேத்ராவின் வேலை. நேத்ரா சொன்னதை ஒப்புக்கு ஒருமுறை பார்த்து அனுப்பி வைப்பது ஹுமேராவின் வேலை.

பாலக்கோட்டில் தக்காளி மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், கணவன் தௌபிக்கின் டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்கு மேல்மாடியில் உட்கார்ந்து அவள் வேலை பார்ப்பாள். புதன்கிழமை மட்டும் பஸ் பிடித்து ஓசூர் போவாள்.

முதல் வாரமே நேத்ரா நானூறு கோப்புகளை ஒதுக்கியது. வேறு எந்தக் கோப்பும் இவற்றைக் கூப்பிட்டு ஓட்டுவதில்லை, தூக்கிப் போட்டுவிடலாம் என்றது. ஹுமேராவுக்கு மனசு ஒப்பவில்லை. ஒன்றைத் திறந்து பார்த்தாள். போன வருடம்கூட யாரோ அதைத் திருத்தியிருந்தார்கள். யாரும் கூப்பிடாததை எதற்கு மெனக்கெட்டுத் திருத்துவார்கள்?

மூன்று நாள் துருவியதில் பிடிபட்டது. அந்தக் காலத்து ஆட்கள் கூப்பிட வேண்டிய கோப்பின் பெயரை முழுசாக எங்கும் எழுதவில்லை. முதல் மூன்று எழுத்தை ஓரிடத்தில் வைத்திருந்தார்கள். பாலிசி எடுத்த கிளையின் குறி இரண்டு எழுத்து. ஓடும்போது இரண்டையும் ஒட்டி, அந்தப் பெயரில் கூப்பிட்டார்கள். முழுப் பெயரை மட்டும் தேடும் நேத்ராவின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்?

மேனேஜர் மாதவராஜுக்குப் போன் போட்டாள்.

“சார், நம்ம நேத்ராவுக்குப் பாதிக் கண்ணு தெரியலைங்க சார்.”

“என்னம்மா சொல்ற? தொண்ணூத்தெட்டு சதவீதம் கரெக்டா இருக்கும்னு நான் அங்க வாக்கு குடுத்துப்போட்டனே!”

“அந்த நானூறைத் தூக்கினா அங்க ஒரு கிளைகூட ஓடாதுங்க.”

மாதவராஜ் குரலைத் தணித்துக்கொண்டார். “ஒண்ணு செய்யும்மா. அந்த நானூறையும் நீயே கையால பாத்துடு. ரிப்போர்ட்டு மட்டும் நேத்ரா பேர்ல போகட்டும்.”

மற்றவற்றிலும் நேத்ராவை நம்ப முடியாமல் நானூறு மூவாயிரமானது. ஒவ்வொன்றாகப் படித்து, எது எதைக் கூப்பிடுகிறது என்று பட்டியல் போட்டாள். முடிந்ததை அப்போதைக்கப்போதே நேத்ரா பேரில் ஸ்காட்லாந்துக்கு அனுப்பினாள். சும்மா இராமல், பக்கத்தில் சின்னச் சின்னக் குறிப்பும் எழுதினாள். ‘செத்தது போலத் தெரியும், மார்ச் மாதம் மட்டும் எழுந்து ஓடும், தொட வேண்டாம்’ என்கிற மாதிரி.

ஸ்காட்லாந்தில் அதை வாங்கிப் படித்த மொய்ரா என்ற அதிகாரியம்மாள் அசந்துபோனாள். இப்படி யோசிக்கிற கருவியைத் தன் முப்பது வருட அனுபவத்தில் பார்த்ததில்லை என்று எழுதினாள். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள். தினமும் உங்கள் நேரம் சாயங்காலம் நாலே முக்காலுக்குக் கருவி இருபது நிமிடம் நின்றுவிடுகிறதே, ஏன்?

அது ஹுமேரா தொழுதுவிட்டு டீ குடிக்கிற நேரம். பராமரிப்பு நேரம் என்று மாதவராஜ் பதில் போட்டார்.

பெங்களூரில் ஒரு விழாவில் நேத்ராவுக்குச் சிறந்த கருவி விருது கிடைத்தது. மாதவராஜ் ஷீல்டோடு நிற்கும் படம் வாட்ஸப் குரூப்பில் வந்தது. ஹுமேராவும் கைதட்டும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“இதுல உன் பேரு எங்க?” என்றான் தௌபிக், கிரீஸ் கையோடு எட்டிப் பார்த்து.

“பராமரிப்புல இருக்குது,” என்றாள்.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கருவி சற்றுச் சூடாகிவிட்டது, மூன்று நாளில் சரியாகும் என்று மாதவராஜ் மொய்ராவுக்கு எழுதினார். போர்வைக்குள் அதைப் படித்தபோதுதான் ஹுமேராவுக்கு ரோஷம் வந்தது. நான் எதற்கு நேத்ராவாக இருக்க வேண்டும்? நேத்ராவே நேத்ராவாக இருக்கட்டும்.

எழுந்ததும் ஆரம்பித்தாள். எந்த எழுத்து எங்கிருந்து வந்து எதோடு ஒட்டுகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கும் நிரல் ஒன்றை ஒரு மாதம் உட்கார்ந்து எழுதி, நேத்ராவுக்குள் சேர்த்தாள். மூவாயிரம் கோப்பையும் அது பதினொரு நிமிடத்தில் முடித்தது. அதுவரை அவள் முடித்திருந்தவற்றில் கண்ணுக்குத் தப்பிய இரண்டு தொடர்புகளையும் பிடித்துக் கொடுத்தது. சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

புது நேத்ராவின் முதல் அறிக்கை போன மறுநாள் மாதவராஜ் கூப்பிட்டார்.

“மொய்ராம்மா கம்ப்ளெய்ன்ட் பண்றாங்கம்மா. புதுசு வெறும் லிஸ்ட்டுதான் குடுக்குதாம். முந்தி மாதிரி அறிவா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குதாம். பழைய வெர்ஷனையே திரும்பப் போடச் சொல்றாங்க.”

ஹுமேராவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“போட்டுடலாங்க சார். ஆனா பழைய வெர்ஷனுக்கு ஒரு பேரு இருக்குதுங்களே. ரிப்போர்ட்டு மேல அந்தப் பேரு வரணும்.”

“ஐயோ, ஆளு வெச்சுப் பாத்தோம்னு தெரிஞ்சா ஷீல்டைப் புடுங்கிடுவாங்கம்மா.”

“அப்ப லிஸ்ட்டு மட்டும் போகட்டுங்க.”

இரண்டு நாள் தவித்துவிட்டு மாதவராஜ் ஒரு வழி கண்டுபிடித்தார். அறிக்கையின் தலைப்பில் ‘நேத்ரா – ஹுமேரா வெர்ஷன்’ என்று அச்சாகி வந்தது. தேடும் வேலையைப் பதினொரு நிமிடத்தில் நிரல் பார்த்தது. மிச்சப் பொழுதில் ஹுமேரா நிதானமாகக் குறிப்பு எழுதினாள்.

மொய்ராவின் பதில் நேராக அவள் கைக்கே வந்து சேர்ந்தது. ‘ஹுமேரா மிகவும் அருமை. தயவுசெய்து இதை இனி நிறுத்தவே வேண்டாம். பெயரும் அழகாக இருக்கிறது. பெயர் வைத்தவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.’

தௌபிக் வாய்விட்டுச் சிரித்தான். “சொல்லச் சொல்றாங்கல்ல? சொல்லிடு.”

ஹுமேரா தருமபுரியில் இருக்கும் தன் அம்மா அஸ்கரி பேகத்துக்குப் போன் போட்டாள்.

“அம்மா, ஸ்காட்லாந்துலேர்ந்து ஒரு மேடம் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க.”

“எனக்கா? எதுக்குடி?”

“எனக்கு நல்ல பேரா வெச்சதுக்கு.”

“அதைச் சொல்றதுக்கு அவங்களுக்கு முப்பது வருஷம் ஆச்சா?”