திருப்பி மாட்டிய படம்

டாக்டர் சொன்னால் வேதவாக்கு என்று நம்புகிற ஆள் நான் இல்லை. லாரி ஓட்டிய காலத்தில், பிரேக் சரியாக இருக்கிறது என்று மெக்கானிக் சத்தியமே செய்தாலும் நானே மிதித்துப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பேன். இன்றைக்கும் முழுசாக உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதனால்தான்.

என் மகளின் பெண்ணுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்து மூக்கொழுகல், சளி, இருமல். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'ஹார்ன்' என்று பட்டப்பெயர். அவள் அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. "ஹார்ன் அடிச்சா ஒதுங்கிப் போங்கடா" என்பாளாம்.

இந்த மழைக்காலத்தில் சளி நெஞ்சிலேயே தங்கிக் காய்ச்சலாகிவிட்டது. நுரையீரலில் ஒரு துண்டு கெட்டுவிட்டது, வெட்டி எடுத்துவிடலாம் என்றார் ஆபரேஷன் டாக்டர். மகள் அழுதாள். மாப்பிள்ளை தலையாட்டினார். அவர் தலையாட்டவென்றே பிறந்தவர். ஏழு வயசுப் பிள்ளையிடம் வெட்டி எடுக்க அப்படி என்ன உபரியாக இருக்கிறது?

கத்தி வைக்கும் முன் இன்னொரு படம் எடுக்கச் சொன்னார்கள். எக்ஸ்ரேக்காரர், வாய் நிறைய மீசை வைத்த ஆள், படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். பார்த்தார். 'ச்சு' என்றார். கழற்றித் திருப்பி மாட்டினார்.

"எதுக்குப்பா திருப்பினே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல பெரியவரே. இடது பக்கம்னு தெரிய ஒரு எழுத்து வைப்போம். அது மாறிப்போச்சு போல. இதயம் இந்தப் பக்கம்ல தெரியணும்?"

"எழுத்தை யாரு வச்சது?"

"நான்தான்."

"நீயே வச்சுட்டு நீயே மாறிப்போச்சுங்கிறே?"

"போன தடவையும் இப்படித்தான் ஆச்சு. நான்தான் சரி பண்ணிக் குடுத்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. வேறு யார் வீட்டுப் பிள்ளையின் படத்தையோ என் பேத்தி தலையில் கட்டுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். "படத்தை மாத்திட்டாங்க! ஆளை மாத்தி அறுக்கப் பாக்கறாங்க!" என்று வராந்தாவே அதிரக் கத்தினேன்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, மானத்தை வாங்காதீங்க."

"மானம் போனா திரும்ப வரும்டி. நுரையீரல் போனா வருமா?"

சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து நுரையீரல் டாக்டரம்மா வந்தார். ஸ்டெதாஸ்கோப் குழலைப் பேத்தியின் நெஞ்சில் இடது பக்கம் வைத்தார். பிறகு வலது பக்கம் வைத்தார். அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளாகப் பார்த்தவர்கள் எல்லாரும் சளிக்காக முதுகில்தான் குழல் வைத்தார்களாம்.

"படம் மாறல ஐயா. இவளுக்கு இதயமே வலது பக்கம்தான் இருக்கு. முதல்ல மாட்டினதுதான் சரி."

ஆக, நான் கத்தியது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "திருப்பின படத்தைப் பார்த்திருந்தா கத்தி எந்தப் பக்கம் இறங்கியிருக்கும்?" என்று கேட்டேன். மீசைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இதயம் வலது பக்கம், பிறந்ததிலிருந்து சளி, ரெண்டும் சேர்ந்தால் ஒரு சந்தேகம் இருக்கிறது என்று டாக்டரம்மா ஆபரேஷனை நிறுத்தி வைத்தார். ஒரு சின்ன பிரஷ்ஷைப் பேத்தியின் மூக்குக்குள் விட்டுச் சுரண்டி, அதை நுண்ணோக்கியில் வைத்து, டிவியில் காட்டினார். தட்டையான தரைமேல் பிசிர் பிசிராக ஏதோ நின்றது. சும்மா நின்றது.

"இதுக்குப் பேரு சிலியா. மூச்சுக்குழாய் பூரா இருக்கு. ஓயாம வீசி, சளியையும் தூசியையும் மேல தள்ளணும். இவளுக்கு அசையவே இல்ல."

"உங்க மெஷின் கெட்டுப்போயிருக்கும்."

"அப்ப உங்க மூக்கைக் காட்டுங்க."

பேத்தி கைதட்டிச் சிரித்தாள். "தாத்தா, பயமா?"

காட்டினேன். பிரஷ் உள்ளே போனதில் கண்ணில் தண்ணீர் வந்தது. அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிவியில் பார்த்தால், காற்றடித்த நெல்வயல் மாதிரி என் பிசிர்கள் அலையலையாக வீசிக்கொண்டிருந்தன. எழுபத்து மூன்று வருஷமாக எனக்குள் இப்படி ஒரு கூட்டம் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறது என்று எவனும் எனக்குச் சொன்னதில்லை.

ஒவ்வொரு பிசிருக்குள்ளும் சுற்றிவர ஒன்பது ஜோடிக் குழாய்கள், நடுவில் இரண்டு இருக்குமாம். ஜோடியை ஜோடி பிடித்து நகர்த்தக் குட்டிக் கைகள் உண்டாம். பேத்திக்கு அந்தக் கைகளே முளைக்கவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை கடுகளவு இருக்கும்போதே இப்படிச் சில பிசிர்கள் சுழன்று தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளுமாம். பக்கத்திலேயே அசையாமல் நிற்கிற வேறு பிசிர்கள், ஆன்டெனா மாதிரி அந்த ஓட்டத்தை உணர்ந்து, இதுதான் இடது பக்கம் என்று உடம்புக்குச் சேதி சொல்லுமாம். இவளுக்குத் தள்ளவும் ஆளில்லை, சேதியும் போகவில்லை. இதயம் தனக்குத் தோன்றிய பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது.

"அங்க உட்கார்ந்ததால அதுக்கு ஒரு குறையும் இல்ல. நல்லாத்தான் அடிக்குது" என்றார் டாக்டரம்மா. "பிரச்சினை சளிதான். பிசிர் செய்யாத வேலையை நாம செய்யணும். உப்புத் தண்ணி ஆவி, முதுகுல தட்டுறது, ஓட்டம், குதி. தினமும், விடாம. செஞ்சா வெட்டாமலே சமாளிக்கலாமான்னு பார்ப்போம்."

மகளுக்குப் பிள்ளையைத் தட்டக் கை வரவில்லை. எனக்கோ லாரிக் கை, பலமாக விழுந்துவிடும். கடைசியில் மாப்பிள்ளைதான் கையைக் குவித்து, குப்புறப் படுத்த பிள்ளையின் முதுகில் தாளம் தப்பாமல் தட்டினார். தலையாட்டிய ஆளிடம் இப்படி ஒரு கை இருக்கும் என்று யார் கண்டது! காலையும் மாலையும் அவர் தட்டுவார், அவள் இருமித் துப்புவாள், நான் கிண்ணத்தைப் பிடிப்பேன். "இன்னும் இருக்கு, துப்புடி கழுதை" என்று சொல்ல வேண்டியதும் என் பொறுப்பு.

வெயில்காலம் வந்தபோது மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

"கெட்ட துண்டுல காத்து போக ஆரம்பிச்சிருக்கு. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்."

"இப்போதைக்குன்னா?"

"இப்போதைக்குன்னா இப்போதைக்குத்தான் ஐயா. தட்டுறதை நிறுத்தினா சளி மறுபடி கட்டிக்கும்."

சர்க்கரை தடவாமல் பேசிய முதல் டாக்டர் அவர்தான். அவரை நம்பலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

வெளியே வந்ததும் பேத்தி மாடிப்படியைப் பார்த்தாள். "அப்பா, மேல வரைக்கும் ரேஸ்!" என்று கிளம்பிவிட்டாள். மாப்பிள்ளை பின்னால் ஓடினார். பாதியில் நின்று மூச்சு வாங்கியது அவர்தான்.