அரை நிமிஷம் மட்டும் விழிக்கும் லேப்டாப்

மண்ணூர்பேட்டையில் கன்னியப்பனின் லேத் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் காதுக்குத்தான் வேலை, கண்ணுக்கு அப்புறம். ஆறு மிஷின்களும் ஒன்றாகக் கத்தும். அந்தச் சத்தத்துக்கு நடுவே கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் டிராயிங் போடுபவள் அருள்மொழி. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டவளும் அவள்தான். பட்டறைக்குப் பட்டறை சுற்றிவரும் பென்டிரைவ்களில் வைரஸ் தொற்றித் தொற்றிப் பழைய சிஸ்டம் படுத்தபோது, "இதப் போட்டா அந்தத் தொல்லையே இல்லண்ணே" என்று கன்னியப்பனிடம் மல்லுக்கட்டி மாற்றினாள்.

அவர் அரை மனசோடுதான் சரி என்றார். மிச்ச அரை மனசு, கொரட்டூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சான் ஜெகதீசனிடம் இருந்தது. "சும்மா கெடைக்கிற சாமான நம்பாத மாமே" என்று அவன் வாரம் தவறாமல் போன் போட்டு ஊதிக்கொண்டிருந்தான்.

அருள்மொழி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. பேட்டரி செத்துப்போன லேப்டாப், பத்து நிமிஷம்கூடத் தாங்காது. கரண்ட்டோ நினைத்தால் போகும், நினைத்தால் வரும். அதனால் மூடியைச் சாத்தினால் போதும், திறந்திருக்கும் அத்தனை வேலையையும் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு லேப்டாப் முழுசாக அணைந்துவிடும்படி செய்திருந்தாள். ஹைபர்னேட் என்று அதற்குப் பேர். மறுபடி பட்டனை அமுக்கினால் விட்ட இடத்திலேயே எழுந்து நிற்கும். இதை வேலை செய்ய வைக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றிருந்தாள். பெற்ற பிள்ளை முதல் அடி வைத்த மாதிரி அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தாள். கன்னியப்பனின் மனைவி சாமுண்டீஸ்வரி அண்ணி வழக்கம்போல வெள்ளிக்கிழமை பூஜையை முடித்திருந்தார். மிஷினுக்கு மிஷின் மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ. இந்த வாரம் புதுசாகக் கோயில் வாசலில் வாங்கிய அம்மன் படம் வேறு, மிஷினுக்கு ஒன்று. லேப்டாப்பையும் விட்டுவைக்கவில்லை. கீபோர்டுக்குக் கீழே, கை வைக்கும் இடத்தில், இடது ஓரமாக ஒரு குட்டி அம்மன். அருள்மொழி கண்ணில் ஒற்றிக்கொண்டு பட்டனை அமுக்கினாள்.

நேற்று விட்ட டிராயிங் அப்படியே வந்து நின்றது. பம்ப் கம்பெனியிலிருந்து யூசுப் சார் பதினோரு மணிக்கு வந்து பார்க்கப்போகும் டிராயிங் அது. திரும்பி டீயை ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் திரை இருண்டு, லேப்டாப் அணைந்தே போனது.

மறுபடி அமுக்கினாள். வந்தது. அரை நிமிஷம் நின்றது. போனது. மூன்றாம் தடவையும் அதே கூத்து.

"இன்னாம்மா, காலையிலயே கொட்டாவி வுடுதா?" என்று வாசலில் நின்றார் கன்னியப்பன். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அடுத்த வார்த்தையில் சிரிப்பு இல்லை. "தோ பாரு, யூசுப் சார் வந்து நிக்கும்போது இது தூங்கிகினு கீதுன்னா எனக்குத்தான் அசிங்கம். அவர் வர்றதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா நாளைக்கே ஜெகதீசன் வந்து பழசப் போட்டுட்டுப் போவான். அப்பால இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

போகப்போவது லினக்ஸ் மட்டும் இல்லை. இந்தப் பட்டறையில் அவள் சொல்லி முதன்முதலாக நடந்த காரியம் அது. அது கவிழ்ந்தால் இனி ஆயுசுக்கும் அவள் வாயைத் திறக்க முடியாது.

அரை நிமிஷத்தில் என்ன செய்ய முடியும்? எழுப்பு, பாஸ்வேர்டு அடி, ஒரே ஒரு கமாண்ட் கொடு, விடையைப் போனில் படம் எடு, அதற்குள் அது போய்விடும். மறுபடி எழுப்பு. முதல் தடவை டிராயிங்கைச் சேமித்தாள், அது ஒன்றாவது பிழைத்தது. அடுத்த தடவை, தூங்கும்போது வேலையை எழுதிவைக்கும் இடம் போதுமா என்று பார்த்தாள். போதும். எழும்போது டிஸ்கில் எந்த இடத்திலிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லும் வரி செட்டிங்கில் இருக்கிறதா? இருக்கிறது. அப்படியும் சனியன் தூங்குகிறதே என்று அழுகையே வந்துவிட்டது.

பத்தேகாலுக்கு, என்னென்ன நடந்தது என்று சிஸ்டம் தானாகவே எழுதிவைக்கும் நாட்குறிப்பைப் படம் பிடித்தாள். போன் திரையைப் பெரிதாக்கிப் படித்தவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"அண்ணே, மூடி சாத்தியிருக்குன்னு சொல்லுதுண்ணே!"

கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். மூடி ஆகாசத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

"கண்ணு தெரியலயா அதுக்கு? இத்த நம்பி நான் கீறேன் பாரு!" என்று மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். மிஷினில் வேலை பார்த்துவிட்டு வந்த கை. விரலிடுக்கில் இருந்த இரும்புத்தூள் லேப்டாப் மேல் உதிர்ந்தது.

அருள்மொழி பதறிப்போய் ஊதப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மற்ற இடத்தில் விழுந்த தூள் சும்மா கிடந்தது. அம்மன் படத்தைச் சுற்றி விழுந்தது மட்டும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு, குத்திட்டு நின்றது. அம்மனுக்கு மீசை முளைத்துவிட்டது.

"அண்ணி!" என்று பட்டறை அதிரக் கத்தினாள். "இந்தப் படத்துக்குப் பின்னாடி காந்தமா?"

"ஆமா, காந்தம்தான்" என்று ஓடி வந்தார் சாமுண்டீஸ்வரி. "லேத்துல எல்லாம் கப்புனு புட்ச்சிக்கிச்சி. இதுல பிளாஸ்டிக்கா கீது, நிக்கல. டேப்பு போட்டு ஒட்டினேன். ஆறு மிஷினுக்கு அம்மா கீறா, இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி?"

அருள்மொழிக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. லேப்டாப் மூடிக்குள் ஒரு குட்டிக் காந்தம் உண்டு. அது கீழே வந்து படும் இடத்தில் இருக்கும் சென்சார் காந்தத்தை உணர்ந்தால், மூடி சாத்தியாயிற்று என்று லேப்டாப் எடுத்துக்கொள்ளும். எழுந்ததும் அரை நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூடி இன்னும் சாத்தியே இருக்கிறது என்று மறுபடி தூங்கப் போய்விடும். அண்ணி அம்மனை ஒட்டியது அச்சு அசலாக அந்த இடத்தில். ஆனால் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அம்மனைப் பெயர்த்தெடு என்று இவரிடம் யார் சொல்வது? பேசாமல் மூடியைக் கண்டுகொள்ளாதே என்று சிஸ்டத்தையே மாற்றிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தாள். ஆனால் அண்ணியிடம் உண்மையை மறைக்க மனசு வரவில்லை.

"அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க. அம்மா இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் இது தூங்கிக்கிட்டே இருக்கும்."

சாமுண்டீஸ்வரி படத்தைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார்.

"அப்போ எங்கம்மா சொன்னா இது கேக்குதா!" என்றார் அண்ணி. முகம் பூரித்துப்போனது. "இத்தினி நாளா உங்க யாருக்கும் அடங்காதது!"

அவரே கும்பிட்டுவிட்டு டேப்பைப் பிரித்து, மீசையை முந்தானையால் துடைத்து, படத்தைப் பக்கத்து இரும்பு பீரோவில் ஒட்டினார். அருள்மொழி பட்டனை அமுக்கினாள். மூவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அரை நிமிஷம். ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். டிராயிங் அசையாமல் நின்றது. அவளுக்கு எழுந்து குதிக்கவேண்டும் போல இருந்தது.

சொன்ன நேரத்துக்கு யூசுப் வந்தார். டிராயிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அளவெல்லாம் சரி என்றார். கிளம்பும்போதுதான் சந்தேகம் வந்தது. "எங்க ஆபீஸ்ல போன வாரம் கரண்ட் போயி ரெண்டு நாள் வேலை மண்ணாப் போச்சு. இங்க கரண்ட் போனா என்ன செய்வீங்க?"

அருள்மொழி விளக்க வாயெடுத்தாள். கன்னியப்பன் கையமர்த்தினார்.

"சாமு, அம்மன எட்துகினு வா."

சாமுண்டீஸ்வரி பீரோவிலிருந்து படத்தை எடுத்து, பயபக்தியோடு அதே இடத்தில் வைத்தார். லேப்டாப் வேலையை எழுதிவைத்துவிட்டு அணைந்தது. கன்னியப்பன் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சையும் அணைத்து, வயரையும் பிடுங்கிக் காட்டினார். அப்புறம் அம்மன் பீரோவுக்குத் திரும்பினாள், வயர் சொருகப்பட்டது, பட்டன் அமுக்கப்பட்டது. யூசுப் பார்த்துக்கொண்டிருந்த அதே டிராயிங், அதே இடத்தில், எழுந்து வந்தது.

"இது யார் செஞ்ச ஏற்பாடு?" என்று யூசுப் வாயைப் பிளந்தார்.

"நம்ம பொண்ணுதான் சார்" என்றார் கன்னியப்பன். உடனே போனை எடுத்து, எல்லார் காதிலும் விழும்படி, "மச்சான், நீ நாளைக்கு வராத. இங்க எல்லாம் சரியாக் கீது" என்றார்.